முறையீடும் செவிமடுத்தலும்: பம்பாய் காமராஜ் நகர்க் குடியிருப்பாளர் வழக்கு (1981 – 1985)

முன்னுரை

குடிகள் தம் குறையை ஆள்வோரிடம் எடுத்துரைப்பதும், ஆள்வோர் அதனைக் கேட்டு ஆராய்ந்து முறைசெய்வதும் தமிழ் இலக்கிய மரபில் தொன்றுதொட்டுப் பேசப்பட்டு வரும் செய்திகளாகும். வெள்ளைக்குடி நாகனார், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிப் பழஞ்செய்க்கடன் வீடுகொண்டார் எனப் புறநானூற்று 35ஆம் பாடலின் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது. நிலத்தின்மீதான கடமை குறித்த முறையீடு ஒன்று அரசன் செவியேறித் தீர்வு பெற்றதற்கான பழம்பதிவு இது. கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைத்ததற்கெனச் சிலப்பதிகாரம் தனியொரு காதையையே அமைத்துள்ளது. இவ்விரண்டிலும் குறையுடையவர் ஆள்பவன்முன் நின்று பேசுகிறார், ஆள்பவன் கேட்கிறான். தீர்வு பின்னரே வருகிறது.

அரசன் அவை இருந்த இடத்தில் இன்று உள்ளாட்சி மன்றமும் மாநில அரசும் நீதிமன்றமும் உள்ளன. வீடு, நிலம் பற்றிய பூசலில் உள்ளாட்சி நடந்துகொண்ட முறையைக் குறித்துக் குடிமக்கள் எழுப்பிய முறையீடுகளுள், இந்தியச் சட்ட வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்காகும். ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி எனப் பெயர்பெற்ற இவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. வாழ்வுரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அறிவித்த தீர்ப்பு என்றே இது பெரிதும் நினைவுகூரப்படுகிறது. இவ்வழக்கின் மனுதாரர்களுள் சேலத்திலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளி ஒருவரும், காமராஜ் நகர் என்னும் குடியிருப்பைச் சேர்ந்த ஐவரும் இருந்தனர் என்பது தமிழ் ஆய்வுலகில் போதிய கவனம் பெறவில்லை.

அக்குடியிருப்பாளர்களின் முறையீடு எதுவாக இருந்தது, அது எவ்வாறு கேட்கப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தீர்ப்பின் வாசகத்தில் பதிவாகியுள்ள இருதரப்புக் கூற்றுகள் ஆய்வுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

குடியிருப்பின் தோற்றம்

பம்பாயின் மேற்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டி 1960-61 அளவில் காமராஜ் நகர் தோன்றியது என்பது குடியிருப்பாளர்களின் கூற்று. நெடுஞ்சாலை ஓரமாகக் குடிநீர்க் குழாய் பதிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த கட்டுமான நிறுவனம் ஒன்றின் தொழிலாளர்களே அங்கு முதலில் குடிசை அமைத்தனர். நகரத்திற்குத் தண்ணீர் கொண்டுவரும் பணிக்கு வந்தவர்கள், பணியிடத்திற்கு அருகிலேயே தங்கிவிட்டனர். வழக்குத் தொடுக்கப்பட்ட 1981இல் அங்கே 500க்கும் மேற்பட்ட குடிசைகள் இருந்தன என மனுவில் கூறப்பட்டது. மாநகராட்சி ஊழியர்கள், ஆலைத் தொழிலாளர்கள், உணவகப் பணியாளர்கள், கட்டுமான மேற்பார்வையாளர்கள் ஆகியோர் அங்கு வாழ்ந்தனர். குடிசையை இடிக்கவந்த மாநகராட்சியின் ஊழியர்கள் சிலரும் அக்குடிசைகளில் வாழ்ந்தவர்களே என்பது கருதத்தக்கது.

சேலத்திலிருந்து வந்த மனுதாரரின் வரலாறும் இதனோடு ஒத்தது. நிலமற்ற உழவுத் தொழிலாளியான அவர், வறட்சியால் வேலையிழந்து 1961இல் பம்பாய் சென்றார். தகிசர் பகுதியிலுள்ள இரசாயன நிறுவனம் ஒன்றில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலிக்கு வேலை கிடைத்தது. மேற்கு விரைவு நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு அமைந்த ஒரு தங்குமிடத்திற்காகக் குடிசைப்பகுதித் தாதா ஒருவன் அவரிடமிருந்து 2,500 ரூபாய் பறித்துக்கொண்டான். இத்தொகை அவருடைய நூற்றுக்கும் மேற்பட்ட நாள்களின் கூலியாகும். ஆகவே சட்டத்தின் பார்வையில் எவருக்கும் உரிமையில்லாத அந்த இடம், குடியிருந்தவரின் பார்வையில் விலைகொடுத்துப் பெற்ற வீடாகவே இருந்தது.

இத்தகைய குடியிருப்புகள் அன்றைய பம்பாயில் விதிவிலக்கல்ல. 1976 ஜனவரியில் மாநில அரசு எடுத்த குடிசைக் கணக்கெடுப்பில், 1,680 குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் வாழ்வது தெரியவந்தது. கணக்கில் சேர்ந்தவர்களுக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. இந்த அட்டையே பின்னாளில் மாற்றிடம் கோருவதற்குரிய சான்றாயிற்று. கணக்கில் சேர்ந்தவர், சேராதவர் என்னும் பாகுபாடு இவ்வழக்கின் முடிவில் பெற்ற முதன்மை பின்னர் விளக்கப்படும்.

ஒரு நாளும் இரு கூற்றுகளும்

1981 ஜூலை 13 அன்று அப்போதைய மகாராட்டிர முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே, பம்பாயின் நடைபாதைவாசிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டுத் தத்தம் சொந்த ஊர்களுக்கோ நகருக்கு வெளியேயுள்ள இடங்களுக்கோ அனுப்பப்படுவர் என அறிவித்தார். மாநகராட்சிக்குத் துணைநிற்குமாறு காவல்துறைக்கு ஆணையிடப்பட்டது. மழைக்காலத்தில் இத்தகைய குடிசைகளில் மனிதர் வாழ இயலாது என்பது அவ்வறிவிப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றாகும். வெளியேற்றம் தொடங்கியதும் அதே மழைக்காலத்தில்தான்.

அறிவிப்பைக் கேள்வியுற்ற காமராஜ் நகர், துளசி பைப் சாலைக் குடியிருப்பாளர்கள் பம்பாய் உயர்நீதிமன்றத்தை அணுகினர். ஜூலை 21 வரை இடைக்காலத் தடை கிடைத்தது. அன்றைய நாளில், அக்டோபர் 15 வரை குடிசைகளை இடிப்பதில்லை என எதிர்மனுதாரர்கள் ஒப்புக்கொண்டனர். எனினும் இரண்டு நாள் கழித்து, ஜூலை 23 அன்று, நடந்தவை பற்றி இருவேறு கூற்றுகள் தீர்ப்பில் பதிவாகியுள்ளன.

முதலாவது, குடியிருப்பாளர்களின் கூற்று. அன்று அவர்கள் அரசுப் பேருந்துகளில் அடைக்கப்பட்டு நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். அப்பயணத்தில் குழந்தைகள் இருவர் பிறந்தனர். வேறு இருவர் இறந்தனர். சேலத்து மனுதாரரின் குடிசையை அன்றே மாநகராட்சி அலுவலர்கள் இடித்தனர்; அவரையும் அவர் குடும்பத்தாரையும் சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றினர். மனைவியும் பெண்மக்களும் சேலத்திலேயே தங்கினர். வேலைதேடிப் பம்பாய்க்குத் திரும்பிய அவர் மீண்டும் ஒரு நடைபாதைக் குடிசையில் குடியேறினார்.

இரண்டாவது, மாநில அரசின் கூற்று. எவரையும் நகரைவிட்டு வெளியேற்றும் நோக்கம் அரசுக்கு இல்லை. எவரும் வெளியேற்றப்படவும் இல்லை. சொந்த ஊர் திரும்ப விரும்புவதாக எழுத்துமூலம் தெரிவித்தவர்களுக்கு மட்டும் அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் வரை வண்டி வசதி செய்யப்பட்டது. அதற்கு மேற்பட்ட பயணத்திற்குக் கட்டணமும் வழிச்செலவும் தரப்பட்டன. பாதிப்புக்குள்ளாகக்கூடிய 10,000 பேருள் 1,024 பேரே இவ்வசதியைப் பயன்படுத்திக்கொண்டனர்.

இவ்விரு கூற்றுகளின் மொழியமைப்பு ஒப்புநோக்கத்தக்கது. குடியிருப்பாளர் கூற்றில் வினைகள் பெரும்பாலும் செயப்பாட்டு வினைகளாக உள்ளன: அடைக்கப்பட்டனர், அனுப்பப்பட்டனர். அரசின் கூற்றில் குடியிருப்பாளர்களே வினைமுதல்களாக ஆகின்றனர்: விரும்பினர், எழுதித்தந்தனர், பயன்படுத்திக்கொண்டனர். முதற்கூற்றில் பிறப்பும் இறப்பும் இடம்பெறுகின்றன; மற்றதில் 1,024 என்னும் எண் இடம்பெறுகிறது. வழக்கு அதன்பின் அரசியலமைப்புச் சட்ட வினாக்களை நோக்கி நகர்ந்தது. குடியிருப்பாளர்களின் முறையீட்டில் உயிரிழப்புப் பற்றிய பகுதி தீர்ப்பின் தொடக்கத்தில் ஒரு செய்தியாக நின்றுவிட்டது.

314ஆம் பிரிவு

மாநகராட்சியின் அதிகாரத்திற்கு அடிப்படை 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டமாகும். தெருவில் இடையூறாகக் கட்டப்பட்டவற்றை ஆணையர் முன்னறிவிப்பின்றியே அகற்றுவிக்கலாம் என அதன் 314ஆம் பிரிவு கூறுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்ட இச்சட்டம் சாலையைப் போக்குவரத்துக்குரிய பொதுச்சொத்தாக மட்டுமே காண்கிறது. அங்கே ஒரு குடும்பம் இருபது ஆண்டு வாழக்கூடும் என்னும் நிலையை அது எண்ணிப்பார்க்கவில்லை.

பொதுச்சொத்தை ஆக்கிரமிக்க எவருக்கும் அடிப்படை உரிமை இல்லை. உரிமையில்லாதவருக்கு முன்னறிவிப்புத் தருவதால் பயனும் இல்லை. அவர்கள் சொல்லத்தக்க விடை எதுவும் இருக்க முடியாது என மாநகராட்சி வாதிட்டது. ஊர்ப்புறங்களில் வேலையுறுதித் திட்டம் இருப்பதால் பிழைப்புக்காக நகரத்திற்கு வரவேண்டிய தேவை இல்லை என அரசுத் தரப்பு எடுத்துரைத்தது. உயர்நீதிமன்றத்தில் நடைபாதையில் குடிசை போடும் அடிப்படை உரிமையைக் கோரப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள், உச்சநீதிமன்றத்தில் அதனைக் கோர முடியாது என்னும் தடையும் எழுப்பப்பட்டது.

மனுதாரர்களின் விடை வேறு தளத்தில் அமைந்தது. நடைபாதை தமக்குச் சொந்தம் என்று அவர்கள் வாதிடவில்லை. வேலை கிடைக்கும் இடத்திற்கு அருகில் மட்டுமே தாம் பிழைக்க முடியும். அங்கிருந்து அகற்றுவது பிழைப்பைப் பறிப்பதாகும். பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதாகும் என்பதே வாதம். வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் உள்ளிட்டோர் மனுதாரர்களுக்காக வாதாடினர். சொத்துரிமைப் பூசலாக மாநகராட்சி கண்டதை, வாழ்வுரிமைப் பூசலாக மனுதாரர்கள் மாற்றி வைத்தனர். இம்மாற்றமே இவ்வழக்கின் வரலாற்றுச் சிறப்பாகும்.

தீர்ப்பு தந்ததும் தராததும்

தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையில் ஐவர் கொண்ட அரசியலமைப்பு ஆயம் இவ்வழக்கை விசாரித்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்தவரும், உச்சநீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியுமான அ. வரதராசன் அவ்வாயத்தில் ஒருவர்.

ஆயம் மனுதாரர்களின் அடிப்படைக் கருத்தை ஏற்றது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் எனக் கூறியது. அடிப்படை உரிமையை எவரும் ஒப்புதலால் கைவிட்டுவிட முடியாது எனக் கூறி, உயர்நீதிமன்ற ஒப்புதல் பற்றிய தடையை நீக்கியது. நடைபாதைவாசிகள் குற்ற நோக்குடன் அத்துமீறியவர்கள் என்னும் கருத்தையும் அது ஏற்கவில்லை. வேறு வழியின்மையே அவர்களை அங்குக் கொண்டுவந்தது என்றது.

314ஆம் பிரிவு செல்லத்தக்கது எனக் கொண்ட ஆயம், அதற்குப் புதிய பொருளும் உரைத்தது. முன்னறிவிப்பின்றி அகற்றலாம் என்பது ஆணையருக்கு விடப்பட்ட தேர்வுரிமை மட்டுமே, அது கட்டாயமன்று. முன்னறிவிப்புத் தருவதும் பாதிக்கப்படுவோர் சொல்வதைக் கேட்பதுமே பொதுவிதி. தராமை அரிதாக நிகழத்தக்க விதிவிலக்கு. சொல்வதற்கு விடை எதுவும் இராது என்று முன்கூட்டியே முடிவுசெய்து கேளாதிருப்பது முறையன்று. கேட்கப்படுதல், சரியான முடிவை அடைய உதவும் கருவியாக இருப்பதோடு, தன்னளவிலும் மதிப்புடையது. தன்னைப் பற்றிய முடிவில் பேசும் வாய்ப்புப் பெறுபவர் மனிதராக மதிக்கப்படுகிறார் என்பது இதன் கருத்தாகும். நாகனார் பாடலுக்கும் கண்ணகி வழக்குக்கும் அடிநிலையாக உள்ள கருத்தோடு இது ஒத்திருத்தல் எண்ணத்தக்கது.

ஆனால் இவ்விதியைக் காமராஜ் நகருக்குப் பொருத்தும்போது தீர்ப்பு வேறு திசையில் செல்கிறது. பொதுவாக, குடியிருப்பாளர்களைக் கேட்டு முடிவுசெய்யுமாறு ஆணையருக்கு ஆணையிட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்லவேண்டியவை அனைத்தும் நீதிமன்றத்தின் முன்னிலையிலேயே சொல்லப்பட்டுவிட்டமையால் மீண்டும் கேட்பதால் பயனில்லை என ஆயம் கருதியது. இதன்படி, மாநகராட்சி கேளாமல் செய்ததே முறையீட்டின் கருவாக இருந்தும், மாநகராட்சி அவர்களைக் கேட்கவேண்டிய நிலை கடைசிவரை ஏற்படவில்லை. குடிசை குடிசையாகச் சென்று, யார் எப்போது வந்தார், எங்கு வேலை செய்கிறார், வேறு எங்குப் போக முடியும் என உள்ளாட்சி அலுவலர் கேட்டறியும் செயல், வழக்கறிஞர்கள் தில்லியில் முன்வைத்த வாதங்களால் ஈடுசெய்யப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. பொதுவிதியை வென்ற மனுதாரர்கள் தம் வழக்கில் அதன் பயனைப் பெறவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் கழியும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, குடிசைகளை அகற்றலாகாது என்பது அவர்களுக்குக் கிடைத்த உடனடிப் பயனாகும்.

எண்ணிடப்படாத வீடுகள்

தீர்ப்பின் இறுதிப் பகுதி குடியிருப்பாளர்களை வகைப்படுத்துகிறது. 1976 கணக்கெடுப்பில் இடம்பெற்ற நடைபாதைவாசிகளுக்கு மால்வணியிலோ வேறு தகுந்த இடத்திலோ மனை தரப்பட வேண்டும். எனினும் அகற்றுவதற்கு அது முன்நிபந்தனை ஆகாது. இருபது ஆண்டுக்கு மேற்பட்டனவும் மேம்படுத்தப்பட்டனவுமான குடிசைப் பகுதிகளைப் பொதுத்தேவை இருந்தாலன்றி அகற்றலாகாது; அகற்றினால் மாற்றிடம் தரவேண்டும்.

குடியிருப்பாளர் கூற்றுப்படி, தீர்ப்பு வந்தபோது காமராஜ் நகருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. ஆயினும் இரண்டாம் வகையில் அது சேர்க்கப்படவில்லை. மாநகராட்சி ஆணையர் தம் உறுதிமொழி ஆவணத்தில், அக்குடியிருப்பு நெடுஞ்சாலைக்குச் செல்லும் துணைச்சாலையில் அமைந்தது என்றும், குடிசைகள் ஒருபோதும் முறைப்படுத்தப்படவோ பதிவெண் தரப்படவோ இல்லை என்றும் கூறியிருந்தார். குடியிருப்பின் சிறுவர்கள் நெடுஞ்சாலைக்கு ஓடிவருவதால் போக்குவரத்துக்கு இடர் ஏற்படுவதும் சுட்டப்பட்டது. இவற்றை ஏற்ற ஆயம், பிற நடைபாதைக் குடிசைகளுக்குரிய விதியே காமராஜ் நகருக்கும் பொருந்தும் என முடிவுசெய்தது. மனுவில் 500க்கு மேல் எனப்பட்ட குடிசை எண்ணிக்கை, தீர்ப்பின் இப்பகுதியில் 400க்கு மேல் எனக் குறைந்துள்ளது.

இங்கு இரண்டு செய்திகள் ஆய்வுக்குரியன. குடிசைகளுக்குப் பதிவெண் தரவேண்டியது அரசுத்துறை. தராத அத்துறையின் செயலின்மையே குடியிருப்பாளருக்கு எதிரான சான்றாயிற்று. நெடுஞ்சாலைக்கு ஓடிவரும் சிறுவரால் போக்குவரத்துக்கு நேரும் இடர் ஆவணத்தில் ஏறியது. விரையும் வண்டிகளால் சிறுவருக்கு நேரும் இடரும் அதே உண்மையின் மறுபக்கமாகும். உள்ளாட்சி எழுதும் ஆவணத்தில் உள்ளாட்சியின் பார்வையே நிலைபெறுகிறது. குடியிருப்பாளரின் வாழ்நாள் நினைவு அதற்கு நிகரான ஆவணமாகக் கொள்ளப்படுவதில்லை.

இக்குறையை நகரத்தின் ஏழைகள் உணர்ந்துகொண்டனர் எனலாம். 1985இல் ஸ்பார்க் என்னும் தன்னார்வ அமைப்பு பம்பாய் நடைபாதைவாசிகளின் துணையோடு ஏறத்தாழ 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்து அறிக்கை வெளியிட்டது. அரசு தம்மை எண்ணாதபோது, தம்மைத் தாமே எண்ணிக்கொள்ளும் முயற்சி அது. கண்ணுக்குப் புலப்படாதோர் என்னும் பொருளில் அவ்வறிக்கைக்குத் தலைப்பிடப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

தீர்ப்பின் தொடர்ச்சி

1985இல் சென்னைக் குடிசைவாசிகள் தொடர்பாகத் தமிழ்நாடு அரசுக்கு எதிராகக் கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டம் நடைமுறையில் இருந்தமையும், அரசு மேற்கொண்ட திட்டங்களும் அத்தீர்ப்பில் கருத்திற் கொள்ளப்பட்டன. சேலத்து மனுதாரர் தம் மாநிலத் தலைநகரில் குடிசையமைத்திருந்தால் ஒரு சட்டத்தின் வரம்புக்குள்ளும், பம்பாயில் வேறொரு சட்டத்தின் வரம்புக்குள்ளும் இருந்திருப்பார் என்பது இதனால் விளங்கும்.

அண்மைக் காலத்தில், 2024 நவம்பர் 13 அன்று, கட்டடங்களை இடிப்பது தொடர்பாக உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்தது. குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, நேரில் கேட்டல், காரணம் கூறும் ஆணை ஆகியன அதில் கட்டாயமாக்கப்பட்டன. ஆனால் சாலை, தெரு, நடைபாதை, தொடர்வண்டிப் பாதையோரம், நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள ஒப்புதலற்ற கட்டுமானங்களுக்கு இந்நெறிமுறைகள் பொருந்தா என்றும் கூறப்பட்டது. காமராஜ் நகர் போன்ற குடியிருப்பு ஒன்று இன்று நடைபாதையில் இருப்பின், இப்புதிய காப்பு அதனைச் சென்றடையாது. அதற்கு 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பு உரைத்த பொதுவிதியே இன்னும் துணையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு, சொத்துப் பூசலாகத் தொடங்கி வாழ்வுரிமை வழக்காக வளர்ந்தது. இவ்வளர்ச்சியில் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளியும் காமராசர் பெயர் தாங்கிய குடியிருப்பின் மக்களும் பங்குபெற்றனர். புலம்பெயர்ந்த தமிழரின் வரலாற்றைச் சங்கங்கள், பள்ளிகள், கோயில்கள் வழி எழுதுவதோடு இத்தகைய நீதிமன்றப் பதிவுகள் வழியும் எழுதுதல் வேண்டும்.

இடிக்குமுன் கேட்க வேண்டும் என்பதே குடியிருப்பாளர்களின் முறையீட்டின் நடுக்கருத்தாக நிற்கிறது. நீதிமன்றம் அதனைப் பொதுவிதியாக ஏற்றது. எனினும் அவர்கள் வாழ்ந்த ஊரின் ஆட்சிமன்றம் அவர்களைக் கேட்கவில்லை. உரிமை உச்சநீதிமன்றத்தில் அறிவிக்கப்படுவதும், அதனை வட்டார அலுவலர் நடைமுறைப்படுத்துவதும் வேறுவேறு செயல்கள் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

உள்ளாட்சி ஆவணத்தில் இடம்பெறாமை, ஏழையின் வீட்டுக்கு எதிரான வலிய சான்றாகப் பயன்பட்டது. ஆகவே கணக்கெடுப்பும் பதிவெண்ணும் அடையாள அட்டையும் நிருவாகச் சடங்குகள் மட்டுமல்ல; வெளியேற்றத்தின்போது ஒருவர் எந்த வகையில் சேர்க்கப்படுகிறார் என்பதை அவையே முடிவுசெய்கின்றன.

நாகனாரும் கண்ணகியும் அரசன் அவை வரை சென்று தாமே பேசினர். சேலத்துத் தொழிலாளியின் குறை மனுவாகி, வாதமாகி, தீர்ப்பில் சில பத்திகளாக நிலைத்தது. 1981 ஜூலை 23ஆம் நாள் பேருந்தில் பிறந்த இரு குழந்தைகளும் இறந்த இருவரும் அத்தீர்ப்பில் ஒரே வாக்கியத்தில் உள்ளனர். அவ்வாக்கியத்தின் பின்னுள்ள வரலாற்றை அக்குடும்பங்களின் வாய்மொழி வழக்காறுகளிலிருந்து தேடித் தொகுப்பது, இனிவரும் ஆய்வாளர்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.